கணக்கைக் கண்டாலே ஓடியவர்கள் குரூப் 4 கணக்குக்குத் தயாராவது எப்படி?

பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சையை எழுதிய கையோடு, இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவெடுத்தவர்கள் கடலூர், பண்ருட்டி, புதுச்சேரிப் பக்கம் ஏராளம். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு இல்லாத பிரிவு, கல்லூரியில் தமிழோ வரலாறோ எடுத்துப் படித்திருப்பார்கள். சில வருடம் கழித்து டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதலாம் என்று பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தால், ‘திறனறிவும் மனக்கணக்கு நுண்ணறிவும்’ என்ற தலைப்பில் அதே கணக்கு உட்கார்ந்திருக்கும். கணக்கை விட்டுவிடுவோம், தமிழிலும் பொது அறிவிலும் பிடித்துக்கொள்வோம் என்று பலர் அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

தயவுசெய்து அந்த முடிவை எடுக்காதீர்கள். கடலூரில் இந்தத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு மாலை நேரங்களில் கணக்கு சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் “எனக்குக் கணக்கு சுத்தமா வராதுங்க” என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: கணக்கு வராதவர்கள் என்று யாரும் இல்லை. ஆறாவதிலோ ஏழாவதிலோ ஓர் இடத்தில் பிடி நழுவியிருக்கிறது, அந்த இடத்துக்குத் திரும்பிப் போக யாரும் அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை.

குரூப் 4-இல் மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கு 25. கேள்விக்கு ஒன்றரை மார்க் வீதம் கணக்குக்கு 37.5 மார்க். பொது அறிவுக்கு எவ்வளவு படித்தாலும் கரை தெரியாது. கணக்கில் தலைப்புகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்: சுருக்குதல், விழுக்காடு, மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, விகிதம், தனி வட்டி, கூட்டு வட்டி, பரப்பளவு, கொள்ளளவு, காலமும் வேலையும். அப்புறம் புதிர், பகடை, எண் வரிசை மாதிரி சில. எல்லாமே பத்தாம் வகுப்புத் தரம்தான். உழைப்புக்கு ஏற்ற கூலி நிச்சயமாகக் கிடைக்கிற பகுதி இது.

புதுச்சேரி அரசுத் தேர்வு, எஸ்எஸ்சி, ரயில்வே என்று படிப்பவர்களுக்கும் அடித்தளம் இதேதான். அங்கே வேகம் இன்னும் கூடுதலாக வேண்டும், சில தேர்வுகளில் தவறான விடைக்கு மார்க் குறைப்பும் உண்டு.

முதல் வேலை: பிடி நழுவிய இடம் எது?

கைடு வாங்குவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து இந்த நான்கையும் போட்டுப் பாருங்கள். கால்குலேட்டர் வேண்டாம்.

ஒன்று, 7 × 8. இரண்டு, 3/4 + 1/6. மூன்று, 5 – 12 + 4. நான்கு, 640-இல் 15 விழுக்காடு.

விடைகள் 56, 11/12, –3, 96. முதல் கணக்கில் யோசிக்க வேண்டியிருந்தால் வாய்ப்பாட்டில் இருந்து ஆரம்பியுங்கள். இரண்டாவதில் 4/10 என்று எழுதியிருந்தால் பின்னம்தான் உங்கள் இடம், ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுங்கள். மூன்றாவதில் குழம்பினால் ஏழாம் வகுப்பின் முழுக்கள் பாடம். நான்காவது மட்டும் தடுக்கியது என்றால் நீங்கள் பயந்த அளவுக்கு நிலைமை மோசமில்லை, நேராக விழுக்காட்டுக்குப் போய்விடலாம்.

தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பழைய புத்தகம் கிடைத்தால் இன்னும் நல்லது, கையில் வைத்துப் போடப் புத்தகம்தான் வசதி. பட்டம் வாங்கியவர் ஆறாம் வகுப்புப் புத்தகத்தோடு நூலகத்தில் உட்கார்வதா என்று கூச்சப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கூச்சத்தால் நேராகப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து, மூன்றாம் பக்கத்தில் முட்டி, மறுபடி மூடி வைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஆறாவதில் இருந்து வந்தவர்கள்தான் கடைசிவரை நின்றார்கள்.

வாய்ப்பாடு: மிச்சம் பத்துதான்

இருபது வாய்ப்பாடும் மனப்பாடம் இருந்தால்தான் கணக்கு வரும் என்று யாராவது சொன்னால் மலைக்க வேண்டாம். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து எல்லோருக்கும் தெரியும். மூன்றும் நான்கும் கொஞ்சம் முயன்றால் வந்துவிடும். உண்மையில் எல்லோரும் தடுமாறுவது ஆறு முதல் ஒன்பது வரை உள்ள எண்கள் ஒன்றோடொன்று பெருகும் இடத்தில்தான். 6 × 7-ம் 7 × 6-ம் ஒன்றே என்பதால், எண்ணிப் பார்த்தால் அங்கே இருப்பவை பத்தே பத்து: 36, 42, 48, 54, 49, 56, 63, 64, 72, 81. ஆறாறு முப்பத்தாறு, ஏழெட்டு ஐம்பத்தாறு, எட்டொன்பது எழுபத்திரண்டு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பஸ்ஸில் போகும்போது, அடுப்படியில் நிற்கும்போது சொல்லிக்கொண்டே இருந்தால் ஒரு வாரத்தில் பத்தும் நாக்கில் நிற்கும். அதன்பிறகு 20 வரை வர்க்கங்கள், 10 வரை கனங்கள். இப்போதைக்கு இது போதும்.

பின்னம், தசமம், விழுக்காடு: மூன்றும் ஒரே பாடம்

இதில்தான் அதிக நாள் செலவிட வேண்டும். 25 கேள்விகளில் இந்த மூன்றையும் தொடாமல் போகிறவை குறைவு.

கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் மீன் விற்கிற குடும்பத்தில் இருந்து ஓர் அக்கா படிக்க வந்தார். தசமப் பெருக்கல் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பலகையில் 320 × 1.75 என்று எழுதியிருந்தேன். அதை அழித்துவிட்டு, “சங்கரா கிலோ முந்நூத்தி இருபது, ஒண்ணே முக்கால் கிலோ நிறுத்தா எவ்வளவுக்கா?” என்று கேட்டேன். மூச்சு விடுவதற்குள் “ஐந்நூத்தி அறுபது” என்றார். எப்படிப் போட்டீர்கள் என்றால், “ஒரு கிலோவுக்கு முந்நூத்தி இருபது, அரைக்கு நூத்தி அறுபது, காலுக்கு எம்பது, அவ்வளவுதான தம்பி” என்றார். அந்த மூன்று வரியை அப்படியே பலகையில் எழுதி, பக்கத்தில் 1, 0.5, 0.25 என்று போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு தசமம் என்றால் அவர் பேனாவைக் கீழே வைப்பதில்லை.

உங்களுக்குள்ளும் இந்தக் கணக்கு இருக்கிறது. அதைத் தாளுக்குக் கொண்டுவர ஓர் அட்டவணை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். அரை என்றால் 1/2, 0.5, 50 விழுக்காடு. கால் என்றால் 1/4, 0.25, 25 விழுக்காடு. முக்கால் 3/4, 0.75, 75. ஐந்தில் ஒன்று 0.2, 20. எட்டில் ஒன்று 0.125, பன்னிரண்டரை விழுக்காடு. மூன்றில் ஒன்று ஏறத்தாழ 33.3.

விழுக்காட்டுக்குச் சூத்திரம் தேடாதீர்கள். முதலில் 10 விழுக்காட்டைக் கண்டுபிடியுங்கள், அது ஒரு புள்ளியை நகர்த்துகிற வேலைதான். 840-இல் 35 விழுக்காடு வேண்டும். 10 என்றால் 84, 30 என்றால் 252, 5 என்றால் 42, கூட்டினால் 294. ரஃப் இடத்தில் இரண்டு வரி.

தேர்வில் அடிக்கடி மாட்டிவிடுகிற இடம் ஒன்று உண்டு. கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ ஒரு துணிக்கடையில் 1,000 ரூபாய்ச் சேலைக்கு 20 விழுக்காடு தள்ளுபடி, அதன்மேல் இன்னொரு 10 விழுக்காடு தள்ளுபடி என்று வையுங்கள். மொத்தத் தள்ளுபடி 30 அல்ல. முதலில் 800 ஆகும், அடுத்த 10 விழுக்காடு அந்த 800-இல்தான், எனவே 720. மொத்தம் 28 விழுக்காடு. எதனுடைய விழுக்காடு என்று ஒவ்வொரு முறையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பாதித் தவறுகள் அங்கேயே நின்றுவிடும்.

வட்டி

வட்டிக் கணக்கு தெரியாத வீடு நம் பக்கம் இல்லை, கஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்ட வீடுகளே அதிகம். ‘ரெண்டு வட்டிக்கு’ வாங்கினேன் என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று எல்லோருக்கும் தெரியும். கேள்வித்தாளில் வட்டி வீதம் ஆண்டுக்குக் கொடுக்கப்படும், ரெண்டு வட்டி அங்கே 24 விழுக்காடு ஆகிவிடும். இருபதாயிரம் ரூபாயை ரெண்டு வட்டிக்கு 15 மாதம் வைத்திருந்தால் மாதம் 400, மொத்தம் 6,000. இதையே அசல் × ஆண்டு × வீதம் ÷ 100 என்று போடுங்கள்: 20,000 × 15/12 × 24 ÷ 100. அதே 6,000 வரும். சூத்திரம் உங்களுக்குத் தெரிந்த கணக்கைத்தான் எழுதிக் காட்டுகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அதை மறக்க மாட்டீர்கள்.

கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் இரண்டு ஆண்டில் எவ்வளவு வித்தியாசம் என்பது திரும்பத் திரும்ப வருகிற கேள்வி. 8,000 ரூபாய், 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு வட்டி இரண்டிலும் 400 ரூபாய்தான். இரண்டாம் ஆண்டில் கூட்டு வட்டிக்காரர் அந்த 400 ரூபாய்க்கும் வட்டி கேட்பார். 400-இல் 5 விழுக்காடு 20. வித்தியாசம் 20 ரூபாய், முடிந்தது. நீண்ட சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேர்வறையில் தவறவிடுவதைவிட இது நம்பகமான வழி.

ஆள் கணக்கும் பஸ் கணக்கும்

காலமும் வேலையும் என்ற தலைப்பில் பலர் 1/12 + 1/6 என்று பின்னம் எழுதித் தடுமாறுகிறார்கள். வேலையை ஓர் எண்ணாக வைத்துக்கொண்டால் பின்னமே வராது. ஒருவர் 12 நாளில் முடிக்கிற வேலையை இன்னொருவர் 6 நாளில் முடிக்கிறார் என்றால், மொத்த வேலையை 12 பங்கு என்று வையுங்கள், அது இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு. முதலாமவர் நாளைக்கு ஒரு பங்கு, இரண்டாமவர் இரண்டு பங்கு, சேர்ந்தால் மூன்று. 12 பங்குக்கு நான்கு நாள்.

15 ஆள் 8 நாளில் முடிக்கும் வேலைக்கு 12 ஆள் போட்டால் எத்தனை நாள் என்ற வகை இன்னும் எளிது. நடவுக்கு ஆள் விடுகிறவர் போடும் அதே கணக்கு: 15 × 8 = 120 ஆள், அதாவது ஒரே ஆள் செய்தால் 120 நாள் வேலை. அதை 12 பேர் செய்தால் 10 நாள். ஆள் குறைந்தால் நாள் கூட வேண்டும், விடை 8-க்குக் கீழே வந்திருந்தால் எங்கோ தப்பு என்று உடனே தெரிந்துவிடும்.

மீப்பெரு, மீச்சிறு இரண்டில் எது என்று குழம்புகிறவர்கள் கேள்வியின் கடைசி வரியைப் பாருங்கள். கடலூர் பஸ் நிலையத்தில் ஒரு பஸ் 12 நிமிடத்துக்கு ஒன்றும், இன்னொரு தடத்துப் பஸ் 18 நிமிடத்துக்கு ஒன்றும் புறப்படுகின்றன, காலை 6 மணிக்கு இரண்டும் சேர்ந்து கிளம்பினால் மறுபடி எப்போது சேர்ந்து கிளம்பும் என்று கேட்டால் அது மீச்சிறு பொது மடங்கு: 36, அதாவது 6.36. ‘மறுபடியும் ஒன்றாக’ என்ற சாயல் வந்தாலே மீச்சிறு. 48 மீட்டர், 60 மீட்டர் கயிறுகளை மிச்சமில்லாமல் சம நீளத் துண்டுகளாக வெட்ட வேண்டும், துண்டின் மிக அதிக நீளம் என்ன என்று கேட்டால் மீப்பெரு பொதுக் காரணி: 12 மீட்டர்.

பரப்பளவு: வீட்டுப் பத்திரத்தை எடுங்கள்

பரப்பளவுச் சூத்திரங்கள் மனதில் நிற்காதவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வீட்டிலோ உறவினரிடமோ ஒரு நிலப் பத்திரத்தை வாங்கிப் படியுங்கள். நம் பக்கம் இன்னும் குழியும் காணியும் புழக்கத்தில் இருக்கின்றன. 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, 57,600 சதுர அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி, அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட், 435.6 சதுர அடி. அப்படியானால் ஒரு காணி எத்தனை சென்ட்? 57,600-ஐ 435.6-ஆல் வகுத்துப் பாருங்கள், 132-ஐ ஒட்டி வரும். “காணிங்கிறது ஒரு ஏக்கர் முப்பத்திரண்டு சென்ட்” என்று தாத்தா சொல்லியிருப்பாரே, அது இதுதான். புதுச்சேரிப் பத்திரமாக இருந்தால் ஹெக்டேர், ஆர் என்றும் இருக்கும். ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர், நூறு ஆர் ஒரு ஹெக்டேர்.

இந்த மாற்றங்களை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து போட்டுவிட்டால், அலகு மாற்றம், சதுரம், செவ்வகம், தசம வகுத்தல் நான்கும் ஒரே மூச்சில் பழகிவிடும். கொள்ளளவுக்கு நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத் தொட்டி 3,000 லிட்டர் பிடிக்கும். வட்டம், உருளை, கூம்புக்கு எட்டாம் வகுப்பில் இருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள அளவியல் பாடங்களைப் போடுங்கள், ஒவ்வொரு சூத்திரத்துக்கும் பக்கத்தில் கட்டாயம் படம் வரையுங்கள்.

எண் வரிசை, பகடை, புதிர் ஆகியவற்றுக்கு இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரிசையில் முதலில் அடுத்தடுத்த வித்தியாசத்தை எழுதுங்கள்: 2, 6, 12, 20, 30 என்றால் வித்தியாசம் 4, 6, 8, 10, அடுத்தது 12, விடை 42. பகடையில் எதிரெதிர்ப் பக்கங்களின் கூட்டல் எப்போதும் 7 என்று நம்பி இறங்காதீர்கள், படத்தைப் பார்த்து உறுதி செய்த பிறகே விடை எழுதுங்கள். மீதியெல்லாம் பழைய வினாத்தாள்களைப் போட்டாலே கைவந்துவிடும்.

தினமும் எப்படிப் படிப்பது?

ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் போதும், ஆனால் தினமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் உட்கார்ந்து மற்ற நாள்களில் விட்டுவிடுவது கணக்குக்கு உதவாது. பிடிக்காத பாடம் என்பதால் அதைக் களைத்துப்போன இரவு நேரத்துக்குத் தள்ளாதீர்கள். காலையில் முதல் வேலையாக முடித்துவிட்டால் நாள் முழுக்க அது தலையில் தொங்காது.

காணொளியில் ஒருவர் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். ஒரு கணக்கைப் பார்த்ததும் நிறுத்துங்கள், போனைக் கவிழ்த்து வையுங்கள், அதே கணக்கை வெள்ளைத்தாளில் நீங்களே போடுங்கள். நின்றுவிட்டால் எந்த வரியில் நின்றீர்களோ அதை மட்டும் மறுபடி பாருங்கள்.

தப்புக்கென்று தனி நோட்டு போடுங்கள். தப்பாகிப்போன ஒவ்வொரு கணக்கையும் எழுதி, அடியில் ஒரே வரியில் காரணம்: ‘மாதத்தை ஆண்டாக மாற்றவில்லை’, ‘விட்டத்தை ஆரம் என்று எடுத்தேன்’, ‘கேள்வியை முழுதாகப் படிக்கவில்லை’. சில வாரத்தில் அந்த நோட்டைப் புரட்டினால் அதே மூன்று நான்கு காரணங்கள் திரும்பத் திரும்ப இருப்பது தெரியும். அதற்குப் பிறகு எதைத் திருத்த வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடிப்படை முடிந்ததும் டிஎன்பிஎஸ்சி இணையதளத்தில் உள்ள பழைய வினாத்தாள்களை இறக்கி, கணக்குக் கேள்விகளை மட்டும் நேரம் வைத்துப் போடுங்கள். ஆரம்பத்தில் 25 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, படிப்படியாக 45 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தனியாகப் படிக்க முடியாதவர்களுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, இலவச வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். உட்கார்ந்து படிக்க இடம் வேண்டுமென்றால் கடலூரில் மாவட்ட மைய நூலகம், புதுச்சேரியில் 1827-இல் தொடங்கப்பட்ட ரோமன் ரோலண்ட் நூலகம். அங்கே இதே தேர்வுக்குப் படிக்கும் யாராவது ஒருவரைப் பழக்கம் பிடித்துக்கொண்டு, தினமும் ஒரு கணக்கை நீங்கள் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள், ஒன்றை அவர் உங்களுக்குச் சொல்லட்டும். சொல்லிக் கொடுக்க முடிந்த கணக்கு உங்களை விட்டுப் போகாது.

தேர்வறையில்

தமிழை முதலில் முடியுங்கள், அது கைக்குச் சூடு ஏற்றும். கணக்கைக் கடைசிவரை ஒத்திப்போட வேண்டாம். மூன்றாவது மணி நேரம் தொடங்கும்போதே அதற்குள் போய்விடுங்கள், விட்டுப்போன பொது அறிவுக் கேள்விகளுக்குக் கடைசியில் திரும்பி வரலாம். முதல் சுற்றில் பார்த்ததும் வழி தெரிகிற கணக்குகளை மட்டும் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் வழி புலப்படாத கணக்கின் எண்ணை வட்டமிட்டுவிட்டு நகருங்கள்.

நேர்வழி தெரியாவிட்டால் விடைகளில் இருந்து பின்னால் வாருங்கள். ஓர் எண்ணின் மூன்றில் ஒரு பங்கும் நான்கில் ஒரு பங்கும் சேர்ந்து 35 என்று கேட்டு, 48, 60, 72, 84 என்று கொடுத்திருந்தால் சமன்பாடு எழுதத் தேவையில்லை. 48-ஐப் போட்டால் 16 + 12 = 28, போதவில்லை. 60-ஐப் போட்டால் 20 + 15 = 35. அவ்வளவுதான்.

குரூப் 4-இல் தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. விடைத்தாளில் நான்கு விடைகளுக்கான வட்டங்களோடு ‘விடை தெரியவில்லை’ என்பதற்கு ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்தில் ஒன்றை நிரப்பியே ஆக வேண்டும். கணக்கில் அந்த ஐந்தாவது வட்டத்தின் பக்கம் போகாதீர்கள். பெரும்பாலும் இரண்டு விடைகள் இருக்க முடியாதவை என்று பார்த்ததுமே தெரியும், தள்ளுபடிக்குப் பிறகு விலை ஏறியிருக்காது, இருவர் சேர்ந்து செய்தால் நாள் கூடியிருக்காது. அவற்றைக் கழித்துவிட்டு மீதி இரண்டில் ஒன்றை நிரப்புங்கள். நிரப்பும்போது வினா எண்ணும், வட்டங்களை நிரப்புகிற ஓஎம்ஆர் விடைத்தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஐந்து கேள்விக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சில கணக்குகளை விட்டுத் தாண்டி வரும்போது, அடுத்த கேள்வியின் விடையை வேறு எண்ணுக்கு நிரப்பிவிடுவது அங்கேதான்.